பென்னிகுவிக்குக்குக் கிடைத்த பெரிய விருது எது?

மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துவிடுவதால், எம். புதுப்பட்டி மாதிரி ஊர்களுக்குத் தண்ணீரோட அருமை நல்லாவே தெரியும். வடக்கே தேனி, மதுரையிலும் அதே கதைதான். மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு, அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அதைக் கிழக்கே திருப்பியவர் பொறியாளர் ஜான் பென்னிகுவிக். 1841-ல் புனேயில் பிறந்தவர். 1887-ல் முல்லைப் பெரியாறு அணை வேலை தொடங்கியது. வெள்ளமும் மலேரியாவும் தொழிலாளர்கள் பலரைப் பலிவாங்கின. ஆனாலும் சுண்ணாம்பு, சுர்க்கி கலவையில் அணை எழுந்தது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் வைகைப் படுகைக்கு இறங்கியது.

1895-ல் அணை திறப்பு. பிரிட்டிஷ் அரசு அவருக்கு சி.எஸ்.ஐ. பட்டம் தந்தது. 1911-ல் காலமானார்.

அந்தப் பட்டம் இன்று பலருக்குத் தெரியாது. ஆனால் ஜனவரி 15, அவர் பிறந்தநாளில், தேனி மாவட்ட விவசாயிகள் பொங்கல் வைக்கிறாங்க. பிள்ளைகளுக்கு அவர் பேரையும் வைக்கிறாங்க.