ஓவிய வேந்தர் இரவிவர்மா

கையால் தீட்டப்பெற்ற ஓவியம் உலகில் ஒன்றே ஒன்றாய் நிற்பது. பொறியின் துணையால் ஆகும் படமோ ஆயிரம் ஆயிரமாய்ப் பெருகுவது. ஒன்றாய் நிற்பதற்குரிய தனிச்சிறப்புப் பலவாய்ப் பெருகுவதற்கும் உண்டோ? கணிப்பொறியும் படம் வரையும் இந்நாளில் பலர் எழுப்பும் இவ்வினா, நூறாண்டுகளுக்கு முன்னரே ஓர் ஓவியரின் வாழ்வில் எழுந்தது. அவரே இராசா இரவிவர்மா.

திருவிதாங்கூர் நாட்டைச் சார்ந்த கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் நாள் இரவிவர்மா பிறந்தார். இளமையிலேயே கரித்துண்டால் சுவர்களில் உருவங்களை வரைவார் என்பர். அவருடைய ஆர்வத்தைக் கண்ட மாமன் இராசராசவர்மா, ஓவியத்தின் முதற்பாடங்களைக் கற்பித்தார். பதினான்காம் வயதில் அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். மன்னர் ஆயில்யம் திருநாள் அச்சிறுவரை அன்புடன் ஆதரித்தார்.

எண்ணெய் வண்ணம் அந்நாளில் நம் நாட்டு ஓவியர் பலர்க்குப் புதியது. 1868ஆம் ஆண்டில் தியோடர் சென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவர் தம் கலையைக் கற்பிக்க உடன்படவில்லை. தாம் தீட்டுவதை அருகிருந்து காண்பதற்கு மட்டும் இசைந்தார். இரவிவர்மா கண்ணால் கண்டதைத் தனியே கையால் செய்து பார்த்தார், பன்முறை தவறினார், பன்முறை திருத்தினார். எண்ணெய் வண்ணம் விரைவில் உலராது. ஆதலின் ஒரு நிறத்தை மற்றொன்றோடு மெல்லக் குழைத்து, மேனியின் மென்மையையும் பட்டின் பளபளப்பையும் காட்டலாம். அந்நுட்பம் நாளடைவில் அவருக்குக் கைவந்தது. மல்லிகை சூடும் நாயர் மங்கையை அவர் தீட்டிய ஓவியம், 1873ஆம் ஆண்டில் சென்னையிலும் வியன்னா நகரிலும் பரிசு பெற்றது. 1893ஆம் ஆண்டில் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்து ஓவியங்களும் புகழ் ஈட்டின.

பரோடா மன்னரின் வேண்டுகோட்கிணங்க, இதிகாச புராணக் காட்சிகளைப் பதினான்கு ஓவியங்களாக அவர் தீட்டினார். அவை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது பெருங்கூட்டம் திரண்டது. ஆயினும் பின்னர் அவை அரண்மனைச் சுவர்களையே அடைந்தன. எளியோர் அவற்றை மீண்டும் காண்பது எங்ஙனம்? ஓவியங்களை அச்சிட்டுப் பரப்புமாறு, கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர். மாதவராவ் முன்னரே அறிவுரை கூறியிருந்தார். இரவிவர்மா 1894ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவினார். செருமானியப் பொறிகளும் தொழில்வல்லாரும் வரவழைக்கப்பட்டனர்.

அது கல்லச்சு முறை. ஒவ்வொரு நிறத்திற்கும் ஒவ்வொரு கல் வேண்டும். ஒரே தாள் பல கற்களின்மீது முறையே அழுந்திய பின்னரே முழுப்படம் உருவாகும். ஒரு நிறம் சிறிதே விலகினும் முகம் சிதைந்துவிடும். இலக்குமியும் கலைமகளும் சகுந்தலையும் இவ்வாறு அச்சாகிச் சிற்றூர்தோறும் சென்றனர். பிறப்பின் காரணமாகக் கோயிலுள் புக இயலாத மக்கள் மிகுந்திருந்த காலம் அது. திருவிதாங்கூரில் ஆலய நுழைவு உரிமை 1936ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே, சிறு காசுக்கு வாங்கிய படத்தின்முன் எளியோரும் விளக்கேற்றி வழிபட முடிந்தது.

அச்சகத்தால் அவர் செல்வம் சேர்க்கவில்லை, கடனே வளர்ந்தது. சில ஆண்டுகளில் அதனைச் செருமானியர் ஒருவருக்கு விற்க நேர்ந்தது. ஆனந்த குமாரசாமி முதலிய கலையறிஞர், அவர் ஓவியங்கள் நாடகக் காட்சிகளை ஒத்தவை என்று குறை கூறினர். அச்சுப்படங்களில் மூலத்தின் வண்ணக்குழைவும் தூரிகையின் தடமும் இல்லை என்பதும் மெய்யே. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இரவிவர்மா கிளிமானூரில் இயற்கை எய்தினார்.

அவர் கைப்பட்ட ஓவியங்கள் 1979ஆம் ஆண்டில் நாட்டின் கலைச்செல்வம் என அரசால் அறிவிக்கப்பட்டன. அவற்றை வெளிநாட்டிற்கு விற்றல் ஆகாது. அந்த ஓவியங்களிலும் பின்னணி இயற்கைக் காட்சிகள் பலவற்றில் அவர் தம்பி இராசராசவர்மாவின் கை கலந்துள்ளது. அச்சுப்படங்களின் வரலாறும் வியப்புக்குரியது. செட்டிநாட்டு இல்லங்கள் சிலவற்றில், அப்படங்களின் ஆடைமீது சரிகையும் துணியும் மணியும் வைத்து ஒட்டி மக்கள் அழகு செய்தனர். ஆயிரத்துள் ஒன்றாய் வந்த படம், அவ்வில்லத்தாரின் கை பட்டதும் உலகில் ஒன்றே ஒன்றாயிற்று.

மூல ஓவியத்தின் தனிச்சிறப்பு, அதனைத் தீட்டிய கையிலும் பல்லாண்டுப் பயிற்சியிலும் உள்ளது. பொறி அதனைப் படியெடுக்கலாம், தானே ஈட்டுதல் அரிது. ஆயினும் பொறி தந்த படத்தையும் தமக்கே உரியதாக்கிக்கொள்ளும் ஆற்றல் மனிதர்க்கு உண்டு. இவ்விரண்டையும் இரவிவர்மாவின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.