பழி சுமந்த விஞ்ஞானி ஹாப்கின்

(காஞ்சன்பாக் நிருபர்)

2021-ம் ஆண்டின் முதல் மாதங்களில் காஞ்சன்பாக் டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா, கூடாதா என்பதே அது. நம் ஊர்க்காரர்கள் இங்கே பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக் கூடங்களிலும், மிதானி போன்ற தொழிற்சாலைகளிலும், அவற்றை ஒட்டிய பட்டறைகளிலும் வேலை செய்கிறார்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவர் ஒரு கட்சி, இரவு ஷிப்டு முடித்து வருகிறவர் எதிர்க்கட்சி. இத்தனைக்கும் கோவாக்சின் ஊசி இதே ஐதராபாத்தின் மறு கோடியில் தயாரானது. அந்த ஆண்டு ஜனவரி 3-ந் தேதி அதற்கு அனுமதி கிடைத்தபோது மூன்றாம் கட்ட சோதனையின் முடிவு வெளிவந்திருக்கவில்லை. விஞ்ஞானிகளே இரண்டாகப் பிரிந்து பத்திரிகைகளில் வாதாடினார்கள். அவர்கள் வாதாடும்போது, பட்டறைத் தொழிலாளி எதை நம்புவது?

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், ரெயில்வேயில் இருக்கிறாயே, நாலு எழுத்துப் படித்தவனாயிற்றே, நீ சொல் தம்பி என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. முடிவு வரட்டும் என்று நானும் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் இந்த வாதம் நம் நாட்டுக்குப் புதிதல்ல என்பது மட்டும் பிறகு தெரிந்தது. 125 ஆண்டுகளுக்கு முன்பே இதே சண்டை நடந்திருக்கிறது. அதன் நடுவில் நின்று அடிபட்டவர் வால்டமர் ஹாப்கின்.

படிப்பு உண்டு, பதவி இல்லை

ஹாப்கின் 1860-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி கருங்கடல் துறைமுகமான ஒடேசாவில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசைச் சேர்ந்தது, இன்று உக்ரைன் நாட்டில் இருக்கிறது. யூதக் குடும்பம், வசதி குறைவு. ஒடேசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாப் அங்கே அவருக்கு ஆசிரியர். ஜார் ஆட்சியை எதிர்த்த இளைஞர்களோடு சேர்ந்ததற்காகப் போலீசார் ஹாப்கினைப் பிடித்தார்கள். யூதர்கள் மீது கலகக்காரர்கள் பாய்ந்தபோது தற்காப்புப் படையில் நின்று காயமும் பட்டார்.

பட்டம் பெற்ற பின்னும் பல்கலைக்கழக ஆசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறினால் கதவு திறந்திருக்கும், அவர் மாறவில்லை. 1888-ல் நாட்டை விட்டு ஜெனீவாவுக்குப் போனார். மறு ஆண்டு பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் வேலை கிடைத்தது. ஆனால் ஆராய்ச்சியாளர் வேலை அல்ல, உதவி நூலகர் வேலை. பகலில் புத்தகம் எடுத்துக் கொடுத்தார், மிச்ச நேரத்தில் கிருமிகளை ஆராய்ந்தார். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காமல் வெளியூரில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு முன்னேறுகிறவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகப் புரியும்.

அப்போது ஐரோப்பாவையும் ஆசியாவையும் காலரா ஆட்டிப் படைத்தது. ஹாப்கின் காலராவுக்குத் தடுப்பு மருந்து கண்டுபிடித்தார். மிருகங்களில் சோதித்தாயிற்று. மனிதரில் யாருக்கு முதலில் போடுவது? 1892-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி தனக்கே குத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போயிற்று. பிறகுதான் நண்பர்களுக்குப் போட்டார்.

கல்கத்தா சேரியில்

மருந்து பலிக்குமா என்று பார்க்கக் காலரா இருக்கிற நாட்டுக்குப் போகவேண்டும். முன்பு இந்தியாவில் வைசிராயாக இருந்த டபரின் பிரபு அப்போது பாரிசில் பிரிட்டிஷ் தூதர். அவருடைய ஆதரவால் 1893-ல் ஹாப்கின் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

அதிகாரிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். இவர் ரஷ்யர், மருத்துவப் பட்டம் இல்லாதவர், விலங்கியல் படித்தவர். மக்களும் அஞ்சினார்கள். நோயே இல்லாத உடம்பில் ஊசி எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கல்கத்தா சுகாதார அதிகாரி சிம்சன் மட்டும் கைகொடுத்தார்.

1894 மார்ச் மாதம் கட்டல் பாகான் என்ற சேரியில் காலரா தோன்றியது. சுமார் 200 பேர் வாழ்ந்த அந்த இடத்தில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு 10 பேருக்கு நோய் கண்டு 7 பேர் இறந்தார்கள். அந்த 10 பேரும் ஊசி போடாதவர்கள். ஒரே குளம், ஒரே தண்ணீர், ஒரே தெரு. போட்டவரையும் போடாதவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் ஹாப்கினின் கணக்கு. அவருடைய வலிமையும் அதுதான், பிறகு எதிரிகள் பிடித்துக்கொண்டதும் அதைத்தான்.

அசாம் தேயிலைத் தோட்டங்களிலும் வட இந்திய நகரங்களிலும் இரண்டு ஆண்டுகளில் சுமார் 42 ஆயிரம் பேருக்கு ஊசி போட்டார். கடைசியில் மலேரியா அவரைச் சாய்த்தது. 1895-ல் ஐரோப்பா திரும்பினார். உடம்பு முழுக்கத் தேறுமுன் மறுபடி இந்தியா வந்துவிட்டார்.

பம்பாயில் பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் தலைகாட்டியது. சில மாதங்களில் நகரம் பாதி காலியாயிற்று. ரெயில்களில் இடம் இல்லை. நோயோடு சேர்ந்து வதந்தியும் பரவியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கொன்றுவிடுவார்கள் என்று நம்பி, அந்த அக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். 1897-ல் அரசாங்கம் தொற்று நோய்ச் சட்டம் கொண்டுவந்தது. வீடு வீடாகப் புகுந்து சோதித்தார்கள். ரெயில் பயணிகளை இறக்கி நிறுத்திச் சோதித்தார்கள். பூனாவில் இந்தக் கெடுபிடி எல்லை மீறியதும், அங்கே பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதும் சரித்திரம். அதே சட்டத்தைத்தான் 2020-ல் கொரோனாவுக்கும் தூசி தட்டி எடுத்தார்கள்.

இந்தக் கொந்தளிப்பில் ஹாப்கினுக்குக் கிடைத்தது கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும்தான். ஆள் பலம், ஒரு குமாஸ்தாவும் மூன்று பியூன்களும். ஆட்டிறைச்சியில் எடுத்த சாற்றில் கிருமியை வளர்த்தார். மாடும் பன்றியும் இந்து முஸ்லிம் மக்களுக்கு ஆகாது என்பதை அவர் மறக்கவில்லை. சாற்றின் மேல் சில துளி நெய் விட்டால் அதைப் பிடித்துக்கொண்டு கிருமி விழுதுவிட்டு வளரும். பிறகு சுமார் 70 டிகிரி சூட்டில் அதைக் கொன்று, கார்பாலிக் அமிலம் சேர்ப்பார். செத்த கிருமியைப் பார்த்து உடம்பு தற்காப்புக் கற்றுக்கொள்ளும். கோவாக்சினும் கொல்லப்பட்ட கிருமியைக் கொண்ட ஊசிதான்.

மூன்றே மாதத்தில் மருந்து தயாரானது. 1897 ஜனவரி 10-ந் தேதி, மற்றவர்களுக்கு எண்ணியதைவிடப் பல மடங்கு அளவைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். கடும் காய்ச்சலும் வலியும் வந்தன. வேலையை நிறுத்தவில்லை.

அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். போடாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் பிறகு 2 பேருக்கு நோய் வந்தது, இருவரும் பிழைத்தார்கள்.

வாதமும் பிரதிவாதமும்

எதிர்ப்பு ஓயவில்லை. கேட்ட கேள்விகள் எல்லாம் வெட்டிக் கேள்விகளும் அல்ல. ஊசி போட்ட அன்றே நோய் வெளிப்பட்டவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஊசிக்கு முன்வருகிறவர் இயல்பாகவே திடமானவராக இருந்தால்? ஊரை விட்டு ஓடியவரை எப்படி எண்ணுவது? ஒவ்வொரு புட்டியிலும் மருந்தின் வீரியம் ஒன்றுதானா?

இதையெல்லாம் விசாரிக்க 1898-ல் எடின்பரோ பேராசிரியர் பிரேசர் தலைமையில் ஒரு கமிஷன் வந்தது. ஹாப்கினின் கணக்குகளிலும் மருந்தை அளவிடும் முறையிலும் குறை கண்டது. ஆனாலும் முடிவில் ஊசி நோயைக் குறைக்கிறது, சாவைக் குறைக்கிறது, முழுப் பாதுகாப்புத் தராது என்றே எழுதியது. இரு கட்சியும் தத்தமக்கு வேண்டிய வரியை மட்டும் படித்தன. நம் டீக்கடையிலும் அப்படித்தானே நடந்தது!

இதற்குள் ஆகா கான் பொதுமக்கள் பார்க்கத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அவரைப் பின்பற்றும் கோஜா சமூகத்தார் பல ஆயிரம் பேர் வந்தார்கள். ரெயில் பட்டறை ஊரான ஹூப்ளியிலும் பல்லாயிரம் பேர் போட்டுக்கொண்டார்கள். 1899-ல் பரேலில் உள்ள பழைய கவர்னர் மாளிகை ஹாப்கினின் ஆராய்ச்சிக் கூடமாயிற்று. உதவி நூலகராகத் தொடங்கியவர் அதன் தலைவரானார்.

19 உயிர்கள்

1902 அக்டோபர் 30-ந் தேதி பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். இன்று அந்த இடம் பாகிஸ்தானில் இருக்கிறது. ஐந்து புட்டி மருந்து செலவாயிற்று. அதில் ஒரே ஒரு புட்டியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேரும் சில நாளில் வாய் இறுகி, உடல் வில்லாக வளைந்து டெட்டனசில் மாண்டார்கள். அந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்தது சொல்லி ஆறக்கூடிய துயரம் அல்ல. நோய் வராமல் இருக்க வந்து நின்றவர்கள் அவர்கள்.

பம்பாய் தலைமை நீதிபதி ஜென்கின்ஸ் தலைமையில் விசாரணை நடந்தது. புட்டி பரேலில் இருந்தபோதே கெட்டிருக்கவேண்டும் என்று கமிஷன் முடிவு கட்டியது. ஹாப்கின் அண்மையில் கார்பாலிக் சேர்ப்பதை விட்டுவிட்டு, சூட்டை மட்டும் நம்பும் புது முறைக்கு மாறியிருந்தார். அதுவே குற்றமாயிற்று. சம்பளம் இல்லாத விடுப்பில் அனுப்பப்பட்டார். 1904-ல் இந்தியாவை விட்டுப் போனார். ஊசியின் பேரும் கெட்டது. போட்டுக்கொள்ள வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

ஆனால் விசாரணைச் சாட்சியத்திலேயே ஒரு விஷயம் இருந்தது. அன்று காலை அந்தப் புட்டியைத் திறந்த இடுக்கி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதைச் சரிவரச் சுத்தம் செய்யாமல் எடுத்துப் புட்டியைத் திறந்திருக்கிறார்கள். டெட்டனஸ் கிருமி இருப்பது மண்ணில். மேலும் அந்த மருந்து தயாராகி 41 நாள் ஆகியிருந்தது. உள்ளே அந்தக் கிருமி 41 நாள் வளர்ந்திருந்தால் திறந்தவுடன் நாற்றம் அடித்திருக்கும். திறந்தபோது அப்படி எந்த நாற்றமும் இல்லை.

பேகம்பேட்டைக்காரர் குரல்

இங்கேதான் நம் ஊர் வருகிறது. 1897 ஆகஸ்ட் 20-ந் தேதி செகந்திராபாத்தை அடுத்த பேகம்பேட்டையில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர் ரொனால்ட் ராஸ். 1902-ல் நோபல் பரிசு பெற்ற அவர், லண்டனில் ஹாப்கினுக்காக வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார். 1907 ஜூலையில் ராசும் பெயர் பெற்ற மற்ற விஞ்ஞானிகளும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதம் லண்டன் டைம்சில் வெளிவந்தது. சாட்சியத்தை வரி வரியாகப் பார்த்தால் குற்றம் பரேல் கூடத்தின் மீது நிற்காது என்பது அதன் சாரம். பாராளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் அரசாங்கம் ஹாப்கினைக் குற்றமற்றவர் என்று ஒப்புக்கொண்டது.

ஐந்து ஆண்டுகள் வீணாயின. பரேல் நாற்காலி திரும்பக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஒரு வேலை கொடுத்தார்கள், ஆனால் மருந்து தயாரித்துச் சோதிக்கும் உரிமை இல்லை. அதை ஏற்றுக்கொண்டு வந்தார். 1914-ல் ஓய்வு பெற்று பிரான்ஸ் போனார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1930 அக்டோபர் 26-ந் தேதி சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் காலமானார். சேர்த்த பணத்தைக் கிழக்கு ஐரோப்பாவின் யூத மாணவர் கல்விக்கு எழுதி வைத்திருந்தார்.

1925-லேயே பரேல் கூடத்துக்கு ஹாப்கின் நிலையம் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். 1964-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. 2021-ல் ஐதராபாத்தின் கோவாக்சினைத் தயாரிக்க மும்பையில் அனுமதி பெற்ற நிறுவனத்தின் பெயரும் ஹாப்கின்தான்.

நமக்கு என்ன?

பிளேக் நம் நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களை விழுங்கியது. ஹாப்கினின் ஊசி அதை ஒழித்துவிடவில்லை. பலரைக் காப்பாற்றியது, எல்லாரையும் அல்ல. ஒழித்துவிடும் என்று சொன்னவர்களும் தவறு, விஷம் என்று சொன்னவர்களும் தவறு. கேள்வி கேட்டவர்கள் தவறு செய்யவில்லை. பதில் வந்த பிறகும் காதைப் பொத்திக்கொண்டவர்கள்தான் தவறு செய்தார்கள். ஒரு புட்டியில் நேர்ந்த தவறுக்கு, ஆராயாமல் ஒரு மனிதர் மீது பழி போட்டதால் அவர் கெட்டார். அவரை நம்பி வந்திருக்கவேண்டிய மக்களும் கெட்டார்கள்.

2021 மார்ச் 3-ந் தேதி கோவாக்சின் மூன்றாம் கட்ட சோதனையின் முதல் கணக்கு வந்தது. நோயைத் தடுக்கும் திறன் 81 சதவீதம் என்றார்கள். முழுக் கணக்கு வந்தபோது 77.8 சதவீதம் ஆயிற்று. நூறு அல்ல, பூஜ்யமும் அல்ல. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அந்தக் கணக்கைப் படித்துக் காட்டினேன். போட்டவன் எத்தனை பேர், போடாதவன் எத்தனை பேர் என்று விரல் விட்டு விசாரித்தார். மறுநாள் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். என் முறை வந்தபோது நானும் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இருந்தால் ஒருமுறை பேகம்பேட்டைக்குப் போய், ராஸ் வேலை செய்த அந்தப் பழைய கட்டிடத்தைப் பார்த்து வாருங்கள். கொசுவுக்காக மட்டும் அல்ல, பழி சுமந்த நண்பனுக்காகவும் பேனா எடுத்தவர் அவர். குழந்தைகளையும் அழைத்துப் போகலாம்.