சக்கரம் நின்றது, சம்பளம் நிற்கவில்லை!

தோழர்களே!

தொழிலில் மந்தம் என்ற சொல் காதில் விழுந்ததும், முதலாளியின் கை முதலில் தேடுவது எதை? ஆடம்பரச் செலவுக் கணக்கையா? பங்குக்காரர்களின் ஈவுத் தொகையையா? இல்லை, இல்லை! ஆள் பட்டியலைத்தான் தேடுகிறது. சிவப்பு மையால் முதற்கோடு விழுவது உழைப்பாளியின் பெயர் மீதுதான். கேட்டால், சந்தை விழுந்தது, சரக்கு தேங்கியது, நாங்கள் என்ன செய்வோம் என்பார்கள். கோடையும் மழையும் வருவதுபோல இதுவும் இயற்கை என்று பாடம் நடத்தப் பண்டிதர்களும் இருக்கிறார்கள்.

இது இயற்கைதானா? வேறு வழியே கிடையாதா?

உண்டு என்று காட்டினார் ஒருவர். அவர் ஆலைத் தொழிலாளி அல்ல, ஆலை முதலாளி! கணக்குத் தெரியாத கனவுக்காரரும் அல்ல. இலாபம் ஈட்டுவதில் அந்நாளைய முதலாளிகள் பலரை மிஞ்சியவர். அவர்தான் இராபர்ட் ஓவன்.

சேணக்காரர் மகன்

வேல்ஸ் நாட்டில் நியூடவுன் என்ற சிற்றூர். அங்கே குதிரைச் சேணம் செய்து விற்றுப் பிழைத்தவரின் மகனாக 1771-ல் பிறந்தார் ஓவன். பள்ளிப் படிப்பு பத்து வயதோடு முடிந்தது. ஸ்டாம்போர்டு நகரில் ஒரு துணிக்கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். துணியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் பழக்கம் அங்கே வந்தது. பிறகு இலண்டனில் ஒரு கடை. காலை எட்டு மணிக்கு நின்றால், வியாபாரம் மும்முரமான நாட்களில், விற்றதை மடித்து அடுக்கிவிட்டுப் படுக்க இரவு இரண்டு மணியாகும். மாடிப் படியேறக்கூடக் காலில் வலுவிராது. உழைப்பென்றால் என்ன என்பதை ஏட்டில் படித்தவரல்ல அவர், காலில் உணர்ந்தவர்.

அடுத்து மான்செஸ்டர். நூற்பு இயந்திரங்கள் புதிதாகப் புகுந்து, பஞ்சை நூலாக்கி, நூலைப் பொன்னாக்கிக்கொண்டிருந்த காலம். நூறு பவுன் கடன் வாங்கி, ஒரு கம்மியரோடு கூட்டுச் சேர்ந்து இயந்திரம் செய்யும் தொழில் நடத்தினார். பிறகு ட்ரிங்க்வாட்டர் என்ற முதலாளி ஆலைக்கு மானேஜர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு நேரே போய் நின்றார். அப்போது அவருக்கு வயது சுமார் இருபது. ஆண்டுக்கு முந்நூறு பவுன் சம்பளம் வேண்டுமென்று கேட்டார். வாரத்தில் எத்தனை முறை குடிப்பாய் என்று விசாரித்த முதலாளிக்கு, ஒருமுறையும் போதையில் கிடந்ததில்லை என்று முகம் சிவக்கப் பதில் சொன்னார். வேலை கிடைத்தது. ஐந்நூறு தொழிலாளிகளுக்கு மேலே வந்து உட்கார்ந்த அந்த இளைஞர், முதல் ஆறு வாரம் யாருக்கும் ஒரு கட்டளையும் இடவில்லை. காலையில் முதல் ஆளாக வந்தார்; மாலையில் கடைசி ஆளாகப் போனார். பார்த்தார், கேட்டார், கற்றார். அதன் பிறகே வாய் திறந்தார்.

நிர்வாகம் என்ற பெயரில் வந்த மறுநாளே விரட்டத் தொடங்கும் அதிகாரிகள் இந்த ஆறு வாரத்தை எண்ணிப் பார்க்கட்டும்!

நியூ லனார்க்

ஸ்காட்லாந்தில் கிளைடு நதி பாறைகளில் விழுந்து பாயும் இடத்தில் இருக்கிறது நியூ லனார்க். அந்த நீரின் விசையால் சுழலும் நூற்பாலைகளை டேவிட் டேல் என்பவர் நடத்திவந்தார். 1799-ல் ஓவனும் கூட்டாளிகளும் அவற்றை அறுபதாயிரம் பவுனுக்கு வாங்கினர். டேலின் மகள் கரோலினை ஓவன் மணந்ததும் அதே ஆண்டில்தான். 1800 ஜனவரியில் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது.

எப்படி இருந்தது அந்த இடம்? குடும்பங்களாக வாழ்ந்தவர்கள் ஆயிரத்து முந்நூறு பேர். அவர்களோடு, ஏழை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட நானூறு, ஐந்நூறு குழந்தைகள். ஆறு வயது, ஏழு வயதுப் பிஞ்சுகள் காலை ஆறு மணியிலிருந்து இரவு ஏழு மணி வரை நூலோடு போராடின. இரக்கமுள்ளவர் என்று பெயரெடுத்த டேலின் ஆலையிலேயே இந்த நிலை என்றால், மற்ற ஆலைகளைச் சொல்லவேண்டுமா?

ஓவன் ஏழைக் குழந்தைகளைக் கொண்டுவருவதை நிறுத்தினார். பத்து வயதுக்கு உட்பட்டவர்களை ஆலைக்குள் விடுவதில்லை என்றார். வீடுகளைச் செப்பனிட்டார். கடைக்காரர்கள் கடனுக்குக் கெட்ட சரக்கைக் கொள்ளை விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆலையே கடை திறந்து நல்ல சரக்கைக் குறைந்த விலைக்குத் தந்தது. அதில் வந்த சிறு இலாபமும் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று.

ஆனால் தொழிலாளர்கள் அவரை நம்பினார்களா? நம்பவில்லை! வேற்று நாட்டான், வேறு பேச்சுப் பேசுகிறவன், நம்மை இன்னும் கசக்கத்தான் வந்திருக்கிறான் என்றே ஆண்டுக் கணக்கில் எண்ணினார்கள். அவர்கள்மீது குற்றமில்லை. முதலாளி சிரித்தால் எதையோ பறிக்கப் போகிறான் என்பதுதான் அவர்கள் கண்ட அனுபவம்.

நான்கு மாதம்

அந்த ஐயம் தீர்ந்தது ஒரு நெருக்கடியில்.

1806-ஐ ஒட்டிய காலம். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கடல் வாணிபத் தகராறு. பருத்தி அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். அதன் ஏற்றுமதிக்கே தடை வந்தது. பஞ்சு விலை விண்ணை முட்டியது. அந்த விலைக்கு வாங்கி நூற்று வைத்து, நாளை விலை சரிந்தால் ஆலையே மூழ்கும். வாங்காவிட்டால் இயந்திரம் நிற்கும். முதலாளிகள் பலர் உடனே முடிவு செய்தார்கள். ஆலையைப் பூட்டு, ஆளை அனுப்பு! தொழிலாளி தெருவிலே நின்றான். அவன் பிள்ளைகள் பட்டினியிலே படுத்தார்கள்.

ஓவனும் இயந்திரங்களை நிறுத்தினார். கணக்கு அறிந்த வியாபாரி அல்லவா? ஆனால் ஆளை அனுப்பவில்லை! இயந்திரங்களைத் துடைத்துப் பழுதில்லாமல் வைத்திருப்பது ஒன்றே வேலை. முழுச் சம்பளமும் உண்டு. ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல, நான்கு மாதம்! ஒரு காசு பிடித்தம் இல்லை. நூற்காத நாட்களுக்காக அவர் கொடுத்த தொகை ஏழாயிரம் பவுனுக்கும் மேல்.

சக்கரம் நின்றது, சம்பளம் நிற்கவில்லை. ஆறு ஆண்டுகள் பேசியும் உடையாத ஐயம் இந்த நான்கு மாதத்தில் உடைந்தது. தடை நீங்கி மீண்டும் நீர் பாய்ந்தபோது, பழகிய கைகள் அத்தனையும் பழைய இடத்திலேயே காத்திருந்தன. புதிதாக ஆள் தேடவேண்டியதில்லை, துருவைச் சுரண்டவேண்டியதில்லை.

இது தருமமா, வியாபாரமா? இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே தவறு என்பது ஓவனின் கருத்து. உயிரற்ற இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக் காப்பாற்றத் தெரிந்த முதலாளிகளுக்கு, அதைவிட நுட்பமான உயிருள்ள இயந்திரமாகிய மனிதனைக் காக்கத் தெரியவில்லையே என்று அவர்கள் முகத்துக்கு நேரே எழுதினார். மனிதனுக்குச் செலவிடும் பணம் இரும்புக்குச் செலவிடும் பணத்தைவிட அதிகம் ஈட்டித் தரும் என்றார்.

கூட்டாளிகளுக்கு இது பிடிக்குமா? பள்ளிக்கூடம் எதற்கு, நல்ல வீடு எதற்கு என்று முணுமுணுத்தார்கள். 1813-ல் ஆலை ஏலத்துக்கே வந்தது. அது சொற்ப விலையும் பெறாது என்று வதந்தி பரப்பிவிட்டு மலிவாக அமுக்கப் பார்த்தார்கள். ஓவனோ ஜெரமி பெந்தாம், வில்லியம் ஆலன் போன்ற புதுக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு 1,14,100 பவுனுக்கு ஏலம் எடுத்தார். முதலுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் யாரும் எடுப்பதில்லை. மிச்சம் தொழிலாளர் நலனுக்கே என்று ஒப்பந்தம். அவர் திரும்பி வந்த நாளில் தொழிலாளர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துச் சென்றார்கள். உதவாக்கரை ஆலை என்று தூற்றப்பட்ட அது, அதற்கு முந்தைய நான்காண்டில் முதலுக்கு வட்டி போக 1,60,000 பவுன் இலாபம் தந்திருந்தது என்பது ஓவனே தரும் கணக்கு.

மந்தத்தின் வேர்

1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றான். சமாதானம் வந்தது. கூடவே வேலையின்மையும் வந்தது! வெற்றி பெற்ற பிரிட்டனிலே, போரிட்டுத் திரும்பிய வீரனுக்குச் சோறில்லை, நெசவாளிக்குத் தறியில்லை. சோம்பேறிகள் பெருகிவிட்டார்கள் என்றனர் சீமான்கள். ஜனத்தொகை பெருகிவிட்டது என்றனர் பண்டிதர்கள்.

ஓவன் சொன்னது வேறு. துணிக்கும் இரும்புக்கும் தோலுக்கும் இதுவரை பெரிய வாடிக்கையாளராக இருந்தது போர்தான். சமாதானம் வந்த அன்று அந்த வாடிக்கையாளர் செத்தார். போர்க்காலத்தில் பெருகிய இயந்திரங்களோ சாகவில்லை. அவை மனிதனைவிட மலிவாகச் சரக்கைக் குவிக்கின்றன. மனிதன் வெளியே தள்ளப்படுகிறான். தள்ளப்பட்டவன் கையில் காசில்லை. காசில்லாதவன் எதை வாங்குவான்? கூலியைக் குறைக்கக் குறைக்கச் சந்தை சுருங்கும். சந்தை சுருங்கச் சுருங்க மந்தம் முற்றும்.

எவ்வளவு எளிய உண்மை! சரக்கை வாங்கவேண்டியவனும் அதைச் செய்தவனே. அவன் வயிற்றில் அடிப்பவன் தன் கடையையே இடிக்கிறான். 1930-களில் உலகம் முழுதும் ஆலைகள் மூடிக்கிடந்த பிறகுதான் பொருளாதார நிபுணர்கள் பலர் இந்தப் பாடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

வேலையற்றோர் நிலம் பெற்று, கூட்டாக உழுது, கூட்டாகத் தொழில் செய்து வாழும் கூட்டுறவுக் கிராமங்களை அமைக்கவேண்டும் என்றார் ஓவன். 1817-ல் பார்லிமெண்ட் குழு அவரை வெளியே காக்க வைத்து, சாட்சியம் கேட்காமலேயே அனுப்பிவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கும் போராடினார். 1819-ல் வந்த சட்டமோ அவர் கேட்டதில் பாதிகூட இல்லை. பஞ்சாலைகளுக்கு மட்டும், ஒன்பது வயதுக்கு மேற்பட்ட சிறுவர்க்குப் பன்னிரண்டு மணி நேரம்!

சறுக்கல்கள்

தோழர்களே! ஓவனை நாம் தெய்வமாக்கவேண்டாம். அவருடைய ஆலையில் கூலி மற்ற இடங்களைவிட அதிகமில்லை. ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நான்கு நிறக் கட்டையொன்று தொங்கியது. நேற்றைய நடத்தை எப்படி என்பதை ஊருக்கே காட்டும் கட்டை! கருப்பு என்றால் கெட்டவன், வெள்ளை என்றால் சிறந்தவன். அடியைவிட இது மேல்தான். ஆனால் நிறத்தை முடிவு செய்தது தொழிலாளி அல்ல. மன்னர்களையும் சீமான்களையும் பேசியே மாற்றிவிடலாம் என்று நெடுங்காலம் நம்பினார், ஏமாந்தார்.

1825-ல் அமெரிக்காவில் இந்தியானாவில் நியூ ஹார்மனி என்ற ஊரையே வாங்கிப் பொதுவுடைமை வாழ்வு நடத்த முயன்றார். இரண்டாண்டில் குலைந்தது. தம் செல்வத்தில் ஐந்தில் நான்கு பங்கை அங்கே இழந்தார். 1832-ல் இலண்டனில் உழைத்த மணிக் கணக்கையே நாணயமாக்கிப் பண்டமாற்றுச் சாலை திறந்தார். அதுவும் நிலைக்கவில்லை.

திரும்பி வந்தவரை ஏற்றுக்கொண்டவர்கள் சீமான்கள் அல்ல, தொழிலாளர்கள்! 1834-ல் பெருந்தொழிற்சங்கம் எழுந்தது. சங்கத்தில் சேரமாட்டேன் என்று எழுதிக்கொடு, இல்லையேல் வெளியே போ என்று முதலாளிகள் கதவடைத்தார்கள். டால்பட்டில் என்ற ஊரின் ஆறு பண்ணைத் தொழிலாளர்கள் சங்கம் கூடிச் சத்தியம் செய்ததற்காக ஏழாண்டு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களுக்காக இலண்டனில் திரண்ட மாபெரும் ஊர்வலத்தில், அறுபத்திரண்டு வயது ஓவனும் நடந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் சங்கம் சிதறியது. சிதறியது சங்கம், எண்ணம் சிதறவில்லை. 1844-ல் ராச்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் கூடிச் சிறு பண்டகசாலை திறந்தார்கள். அவர்களில் ஓவன்வழி நின்றோர் பலர். அந்த விதையின் கிளைதான் 1904-ல் தோன்றிய நமது திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம்.

1858 நவம்பரில், எண்பத்தேழாம் வயதில், பிறந்த ஊருக்கே திரும்பி வந்து கண்மூடினார். நியூ லனார்க் ஆலைகள் 1968 வரை ஓடின. இன்று அவை உலகப் பாரம்பரியச் சின்னம்.

கேட்கவேண்டிய கேள்வி

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் நம் நாட்டு ஆலைகள் நின்றன. மூடிய நாட்களுக்கும் சம்பளம் பிடிக்கக்கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டது. முதலாளிகள் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். மே மாதமே உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றது நீதிமன்றம். பசித்தவனும் பண்டகசாலை வைத்திருப்பவனும் சமமாக உட்கார்ந்து பேசவேண்டுமாம்!

ஓவன் கொடுத்தார், அது அவர் குணம். அவருக்குப் பக்கத்து ஆலைக்காரர் கொடுக்கவில்லை. அது அவர் குணம். நான்கு மாதச் சோறு முதலாளியின் குணத்தைப் பொறுத்ததாக இருக்கலாமா? இதைத்தான் ஓவனின் வாழ்வு நம்மிடம் கேட்கிறது. அவர் கருணையால் தந்ததைச் சட்டத்தால் பெறவேண்டும். அந்தச் சட்டத்தைச் சங்கத்தால் பெறவேண்டும். அடுத்த மந்தம் வருமுன் அதற்கு அணி திரள்வோம்!