கேணல் ருடோல்ப் ஷ்மிட்டும் அவரது சிறு றிவோல்வரும்

சுவிஸ் நாட்டின் பழம்பொருட் சந்தைகளிலும் ஆயுத விற்பனை நிலையங்களிலும் மெல்லிய குழலும் சிலுவை முத்திரையும் கொண்ட சிறிய றிவோல்வர் ஒன்றை நம்மவர் பலர் கண்டிருப்பர். அதனை ஆக்கியவர் கேணல் ருடோல்ப் ஷ்மிட்.

ஷ்மிட் 1832இல் பாசலில் பிறந்தார். படை அதிகாரியாகிய அவர் பொறியாளராகவும் வரலாற்றறிஞராகவும் விளங்கினார். கையாயுதங்களின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் விரித்துரைக்கும் அவரது பெருநூல் 1875இல் வெளிவந்தது. பின்னர் பேர்ணிலிருந்த கூட்டாட்சி ஆயுதத் தொழிற்சாலையின் இயக்குநராகவும் அவர் பணியாற்றினார்.

1872இல் சுவிஸ் படை ஏற்றுக்கொண்ட றிவோல்வர் 10.4 மில்லிமீற்றர் விட்டமுடையது, பருமனானது. அதனை 1878இல் திருத்தியமைத்த ஷ்மிட், 1882இல் 7.5 மில்லிமீற்றர் அளவில் ஆறு அறைகளுடன் புதியதொன்றை உருவாக்கினார். இதன் குண்டுக்கு வலுப் போதாதெனக் குறை கூறுவோர் உளர், அக்குறை நியாயமானதே. ஆயினும் வேலைப்பாட்டில் இதற்கு நிகரானவை அக்காலத்தில் மிகச் சிலவே என்பது எமது எண்ணம். தோட்டா இடும் வாயிலைத் திறந்ததும் சுத்தியல் தொடர்பிழக்கும். விசையை இழுத்தால் உருளை மட்டுமே சுழலும். பக்கத் தகட்டைத் திறந்தால் உள்ளுறுப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரியும். போர்வீரன் தானே துடைத்து எண்ணெயிட இது வசதியாயிற்று. அக்காலத் தோட்டாக்களில் இருந்தது கரும்மருந்து. அதன் கரி ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும் என்பதால், வெந்நீரிற் கழுவி நன்குலர்த்தி எண்ணெய் பூசுவதே முறை. இன்றும் சேகரிப்போர் முதலிற் பார்ப்பது குழலினுள் அரிப்புண்டா, உறுப்புகளின் இலக்கங்கள் ஒத்திருக்கின்றனவா, உருளை ஆடாமல் நிற்கின்றதா என்பவற்றையே.

எடுவார்ட் ரூபினின் தோட்டாவுக்கென ஷ்மிட் அமைத்த 1889ஆம் ஆண்டுத் துப்பாக்கியே அவர் பெயரை உலகறியச் செய்தது. 1898இல் அவர் காலமானார். ஈராண்டுகளின் பின் படை லூகர் கைத்துப்பாக்கிக்கு மாறியது. எனினும் லூகரின் விலை அதிகமாகையால், சிறு றிவோல்வர் 1929இல் திருத்தப்பட்டு மீண்டும் உற்பத்தி செய்யப்பட்டது.

இங்கே நம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நூறாண்டு கடந்த பொருள்தானே, அது வெறும் அலங்காரம் என்று விற்பவர் கூறக்கூடும். 1999இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் ஆயுதச் சட்டமோ 1870க்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கிகளையே பழம்பொருளாகக் கருதுகிறது. ஷ்மிட்டின் றிவோல்வர் பன்னிரண்டு ஆண்டுகள் பிந்தியது. அதனை வாங்க மாநில அதிகாரிகளின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மேலும், 2008ஆம் ஆண்டின் ஆயுத ஒழுங்குவிதி, ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ தடைசெய்யப்பட்ட நாட்டவர்களின் பட்டியலில் இலங்கைக் குடிமக்களையும் சேர்த்தது. விதிவிலக்கு அரிதாகவே கிட்டும். சுவிஸ் குடியுரிமை பெற்றவர்களை இத்தடை கட்டுப்படுத்தாது. அகதி விண்ணப்பம் நிலுவையிலுள்ள ஒருவருக்கோ, வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் காத்திருக்கும் குடும்பத்துக்கோ, மேசை இழுப்பறையிற் கிடக்கும் இத்தகைய ஒரு பொருள் குற்ற வழக்காக மாறிவிடலாம். குடியேறிய வீட்டின் நிலவறையிலோ, வாங்கிய பழைய தளபாடத்தினுள்ளோ அப்படியொன்று அகப்பட்டால், அதனைத் தொடாமல் காவற்றுறைக்கு அறிவிக்கலாம். ஆயுதங்களைக் கட்டணமின்றிப் பொறுப்பேற்பது மாநிலங்களின் கடமையெனச் சட்டமே விதித்துள்ளது.