டெடி வெதர்ஃபோர்ட்

டெடி வெதர்ஃபோர்ட் (அக்டோபர் 11, 1903 - ஏப்ரல் 25, 1945) ஆப்பிரிக்க அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞரும் இசைக்குழுத் தலைவரும் ஆவார். இவரது இயற்பெயர் தியடோர் வெதர்ஃபோர்ட். 1920களில் சிகாகோ நகரின் முன்னணிப் பியானோ கலைஞர்களுள் ஒருவராக விளங்கிய இவர், 1926இல் ஆசியாவுக்குப் புறப்பட்டு, எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை ஷாங்காய், பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் கழித்தார். அமெரிக்க ஜாஸ் வரலாற்றில் இவரது பெயர் சில வரிகளோடு முடிந்து விடுகிறது. ஆனால் இந்தியாவில் ஜாஸ் இசை வேரூன்றிய வரலாற்றில் இவருக்கு முதன்மையான இடம் உண்டு.

இளமைக் காலம்

வெதர்ஃபோர்ட் ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்க ஊரான போகஹாண்டசில் பிறந்தார். அருகில் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள புளூஃபீல்டு நகரில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோதே லூசியானா மாநிலத்தின் நியூ ஓர்லியன்ஸ் நகருக்குச் சென்று, அங்கு பியானோ வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் இசையின் பிறப்பிடமாகக் கருதப்படுகிறது. ஆப்பிரிக்க அமெரிக்கரின் நாட்டார் பாடல்கள், தேவாலயப் பாடல்கள், பித்தளைக் கருவி வாத்தியக் குழுக்களின் இசை முதலியன ஒன்று கலந்து அந்நகரில் புதியதோர் இசைவடிவம் உருவாகிக் கொண்டிருந்தது. கருநாடக இசையில் மனோதர்மத்துக்கு உள்ள இடம் ஜாஸ் இசையிலும் உண்டு. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, தாளக் கணக்குக்கு உட்பட்டு, கலைஞர் தம் கற்பனைக்கேற்ப அதை அந்த நேரத்திலேயே விரித்து வாசிப்பார். இளம் வெதர்ஃபோர்ட் இந்தச் சூழலில் பயின்றவர்.

சிகாகோவில்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில், இன ஒதுக்கல் சட்டங்களும் வறுமையும் நிலவிய தென் மாநிலங்களிலிருந்து இலட்சக்கணக்கான ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இசைக் கலைஞர்களும் அவர்களோடு சென்றனர். 1920களின் தொடக்கத்தில் வெதர்ஃபோர்ட் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தார். ஜிம்மி வேடு என்பவரின் குழுவில் சில காலம் வாசித்த பின், எர்ஸ்கின் டேட் நடத்திய வெண்டோம் திரையரங்க இசைக்குழுவில் சேர்ந்தார்.

அது பேசாப்படக் காலம். திரையின் முன்புறம் அமர்ந்து காட்சிகளுக்கேற்ப இசைப்பது திரையரங்கக் குழுவின் பணி. படங்களுக்கு இடையே அக்குழு தனியாகவும் கச்சேரி செய்யும். வெண்டோம் குழுவின் வாசிப்பைக் கேட்பதற்காகவே மக்கள் திரையரங்குக்கு வந்தனர். 1925 டிசம்பரில் எக்காளக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் இக்குழுவில் சேர்ந்தார். 1926 மே 28 அன்று இக்குழு வொக்கலியன் நிறுவனத்துக்காக இரு உருப்படிகளைப் பதிவு செய்தது. ஆம்ஸ்ட்ராங்கும் வெதர்ஃபோர்டும் அவற்றில் ஒன்றாக வாசித்துள்ளனர்.

வெதர்ஃபோர்டின் வாசிப்பில் இடக்கையின் வலிமை குறிப்பிடத்தக்கது. பியானோவில் இடக்கை கீழ்ச்சுரத்தையும் கூட்டுச்சுரத்தையும் மாறி மாறி அழுத்தித் தாளத்தைத் தாங்க, வலக்கை மெட்டை விரித்துச் செல்லும். நாதசுரமும் தவிலும் செய்யும் இரு வேலைகளை ஒருவரே இரு கைகளால் செய்வது போன்றது இது. சிகாகோவின் இளம் பியானோ கலைஞர்கள் இவரது வாசிப்பைக் கூர்ந்து கேட்டனர். 1920களின் நடுவில் அந்நகருக்கு வந்த ஏர்ல் ஹைன்ஸ், இவரைத் தம்முடன் போட்டியிடும் தகுதி வாய்ந்தவராகக் கருதினார். பின்னாளில் ஜாஸ் பியானோவின் முன்னோடிகளுள் ஒருவராக ஹைன்ஸ் போற்றப்பட்டார்.

கிழக்கு நோக்கிய பயணம்

1926இல் மேளக் கலைஞர் ஜாக் கார்ட்டரின் குழுவுடன் வெதர்ஃபோர்ட் கிழக்காசியாவுக்குக் கப்பலேறினார். அப்போது இவருக்கு வயது 22. இம்முடிவே இவரது வாழ்வின் போக்கைத் தீர்மானித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஆம்ஸ்ட்ராங்குடன் இணைந்து பதிவு செய்த இசைத்தட்டுகளால் ஹைன்ஸ் பெரும்புகழ் பெற்றார். 1928 இறுதியில் சிகாகோவில் சொந்தக் குழுவையும் தொடங்கினார். வெதர்ஃபோர்டின் வாசிப்பு அமெரிக்காவுக்கு எட்டாத தொலைவில் ஒலித்துக் கொண்டிருந்தது.

சீனாவின் ஷாங்காய் நகரில் அக்காலத்தில் வெளிநாட்டினரின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகள் இருந்தன. அங்கிருந்த நடன அரங்குகள் அமெரிக்கக் கலைஞர்களுக்கு நல்ல ஊதியம் அளித்தன. கார்ட்டரின் குழு கலைந்த பின்னரும் வெதர்ஃபோர்ட் ஆசியாவிலேயே தங்கினார். ஷாங்காயில் ஒரே இரவில் பல அரங்குகளில் மாறி மாறி வாசிக்கும் அளவுக்கு இவருக்கு வரவேற்பு இருந்தது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1933இல் அந்நகருக்குச் சென்றபோது இவரைச் சந்தித்து, பிற்பாடு தம் தன்வரலாற்று நூலில் இவரைப் பற்றி எழுதினார்.

1934இல் வெதர்ஃபோர்ட் அமெரிக்கா சென்று, எக்காளக் கலைஞர் பக் கிளேட்டனின் குழுவை ஷாங்காயில் இருந்த கனிட்ரோம் அரங்குக்கு அழைத்து வந்தார். கிளேட்டன் 1936இல் நாடு திரும்பி, கவுண்ட் பேசியின் குழுவில் சேர்ந்து புகழ் பெற்றார். வெதர்ஃபோர்ட் மேலும் மேற்கே, இந்தியாவை நோக்கி நகர்ந்தார்.

பம்பாயில்

1935இல் வயலின் கலைஞர் லியோன் அபி தம் ஆப்பிரிக்க அமெரிக்கக் குழுவுடன் பம்பாய் தாஜ்மகால் விடுதிக்கு வந்தார். அவருக்குப் பின் குழுவின் பொறுப்பை கிரிக்கெட் ஸ்மித் ஏற்றார். 1913ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கில் இசைத்தட்டுகளில் வாசித்திருந்த மூத்த கார்னெட் கலைஞர் அவர். வெதர்ஃபோர்ட் அவரது குழுவில் பியானோ வாசித்தார். 1936இல் இக்குழு பம்பாயில் ரெக்ஸ் நிறுவனத்துக்காக இசைத்தட்டுகளைப் பதிவு செய்தது. அவற்றுள் ஒன்று பம்பாயைச் சேர்ந்த மேனா சைலஸ் இயற்றிய, தாஜ்மகால் என்னும் பெயர் கொண்ட நடன இசை ஆகும். நரேஷ் பெர்னாண்டஸ் பம்பாயின் ஜாஸ் வரலாற்றைப் பற்றி 2012இல் வெளியிட்ட நூலுக்கு இவ்வுருப்படியின் பெயரையே சூட்டினார்.

1937இல் பாரிசில் உலகக் கண்காட்சி நடைபெற்றபோது வெதர்ஃபோர்ட் அங்கு சென்று வாசித்தார். அவ்வாண்டு ஜாஸ் இசைக்கென்றே பாரிசில் தொடங்கப்பட்டிருந்த ஸ்விங் நிறுவனம் இவரது தனிப் பியானோ வாசிப்பைப் பதிவு செய்தது. குழுவின் துணையின்றி இவரது இரு கைகளின் திறனையும் தெளிவாகக் கேட்பதற்கு இப்பதிவுகளே சிறந்த சான்று.

ஐரோப்பாவிலிருந்து இவர் இந்தியாவுக்கே திரும்பி, பம்பாயில் குழுவை வழிநடத்தினார். இலங்கையிலும் வாசித்துள்ளார். அமெரிக்காவிலிருந்து முழுக்குழுவையும் வரவழைப்பது செலவு மிக்கது. எனவே உள்ளூர்க் கலைஞர்களைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் வளர்ந்தது. போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்த கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் மேற்கத்திய இசைக் குறியீட்டைக் கற்றிருந்த இளைஞர்கள் இக்குழுக்களுக்கு ஏற்றவர்களாக இருந்தனர். இசைக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்திருந்த அவர்கள், ஏட்டில் எழுதப்படாத ஜாஸ் நுட்பங்களை அமெரிக்கக் கலைஞர்களின் அருகில் அமர்ந்து கேட்டுக் கற்றனர்.

கல்கத்தாவும் போர்க்காலமும்

1940களின் தொடக்கத்தில் வெதர்ஃபோர்ட் கல்கத்தாவின் சௌரங்கியில் உள்ள கிராண்ட் விடுதியில் குழு நடத்தினார். இரண்டாம் உலகப்போரின் காரணமாக அந்நகரம் நேச நாட்டுப் படைகளின் தளமாக மாறியிருந்தது. 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்து வெளியேறியவர்களுள் கிளாரினெட் கலைஞர் ரூபன் சாலமன், கிட்டார் கலைஞர் செட்ரிக் வெஸ்ட் ஆகியோரும் இருந்தனர். இருவரும் வெதர்ஃபோர்டின் குழுவில் இடம் பெற்றனர். அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ராய் பட்லரும், ஜார்ஜ் பேங்க்ஸ் என்னும் பெயரில் வாசித்த நேபாள எக்காளக் கலைஞர் புஷ்கர் பகதூரும் இக்குழுவில் வாசித்தவர்கள். பல இனத்தவர் ஒரே மேடையில் அமர்ந்து வாசித்த குழு இது. அமெரிக்க இராணுவமோ அப்போது வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனிப் படைப்பிரிவுகளாக வைத்திருந்தது.

அமெரிக்கப் படையினருக்கான வானொலியில் இக்குழுவின் இசை ஒலிபரப்பானது. அந்நாளில் வணிகக் கப்பலில் சமையல்காரராகப் பணியாற்றிய ஜிம்மி விதர்ஸ்பூன் கல்கத்தாவில் இக்குழுவுடன் பாடினார். போருக்குப் பின் அவர் புளூஸ் பாடகராக அமெரிக்காவில் புகழடைந்தார்.

இதே காலத்தில்தான் 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் நிகழ்ந்தது. அதிலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் இறந்தோர் தொகை 20 முதல் 30 இலட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. கிராமங்களிலிருந்து உணவு தேடி வந்தவர்கள் கல்கத்தாவின் தெருக்களில் மாண்டனர். விடுதிகளில் நடனமும் விருந்தும் தொடர்ந்தன. வெதர்ஃபோர்டின் கல்கத்தா ஆண்டுகளை இப்பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

மறைவு

1945 ஏப்ரலில் வெதர்ஃபோர்ட் காலரா நோயால் தாக்கப்பட்டார். ஏப்ரல் 25 அன்று கல்கத்தாவில் தம் 41ஆம் வயதில் காலமானார். ஐரோப்பாவில் போர் முடிவடைய இரு வாரங்களே இருந்தன. அசுத்தமான நீரினால் பரவும் காலரா, உடலின் நீரையும் உப்பையும் விரைவில் வற்றச் செய்து உயிரைப் பறிப்பது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகச் செய்து எண்ணற்றோரைக் காக்கும் எளிய மருத்துவம் 1970களில்தான் பரவலானது.

இசைத்தட்டுகள்

சிகாகோ, பம்பாய், பாரிஸ் ஆகிய நகரங்களில் செய்த பதிவுகள் தவிர, 1940களின் முதற்பாதியில் கல்கத்தாவில் இந்திய கொலம்பியா நிறுவனத்துக்காக இவர் பல இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் முதல் 1944 வரை இசைத்தட்டுப் பதிவுகளைப் புறக்கணித்தது. அங்கு பதிவுக் கூடங்கள் பெருமளவு ஓய்ந்திருந்த அந்த ஆண்டுகளில், அமெரிக்கரான வெதர்ஃபோர்ட் கல்கத்தாவில் பதிவு செய்து கொண்டிருந்தார். ஆயினும் இத்தட்டுகள் இந்தியச் சந்தைக்காகவே வெளியிடப்பட்டன. அமெரிக்க விமர்சகர்களின் கவனத்துக்கு அவை அன்று செல்லவில்லை. இவரது பெயர் மங்கியதற்கு இது முக்கிய காரணம் ஆகும்.

தாக்கம்

வெதர்ஃபோர்ட் அமெரிக்காவிலேயே இருந்திருந்தால் ஹைன்சுக்கு இணையான இடத்தைப் பெற்றிருப்பாரா என்பது விடை காண முடியாத கேள்வி. இவர் விட்டுச் சென்றதை இசைத்தட்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது; இவரோடு வாசித்தவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். விடுதிக் குழுக்களில் பயிற்சி பெற்ற கோவா கலைஞர்கள் பலர் விடுதலைக்குப் பின் பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்தும் இசைக்கோப்பு செய்தும் இந்தியத் திரையிசையின் ஒலியையே மாற்றினர்.

கல்கத்தா குழுவில் வாசித்த ஜார்ஜ் பேங்க்ஸ், 1941இல் டார்ஜிலிங்கில் பிறந்த தம் மகனுக்கு லூயி ஆம்ஸ்ட்ராங்கின் நினைவாக லூயிஸ் எனப் பெயரிட்டார். லூயிஸ் பேங்க்சும் பியானோ கலைஞராகவும் குழுத் தலைவராகவும் வளர்ந்து, இந்திய ஜாஸ் இசையின் முதன்மைக் கலைஞராக அறியப்பட்டார். 1988இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகி, தமிழகத்திலும் வீடுதோறும் ஒலித்த தேசிய ஒருமைப்பாட்டுப் பாடலின் இசையில் அவருக்கும் பங்குண்டு. 1926இல் சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங்குடன் ஒரே இசைத்தட்டில் வாசித்த வெதர்ஃபோர்டின் வழியாக, அந்த இசை மரபு கல்கத்தாவின் அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்தது.