டாக்டர் பல்பு
முதல் முறை இடம் கிடைக்காமல், வேறு கல்லூரிக்கு மாறுவது குறித்து யோசிப்பவர்கள் நம்மிடையே பலர். எல்லையோரப் பாறசாலைக்காரனான எனக்கு அப்போதெல்லாம் டாக்டர் பல்புவே நினைவுக்கு வருவார்.

1863-இல் திருவனந்தபுரம் பேட்டையில் பிறந்தவர். திருவிதாங்கூரில் மருத்துவ நுழைவுத் தேர்வில் தேறியும், ஈழவர் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. மதிப்பெண் குறைந்தால் மறுபடி எழுதிப் பார்க்கலாம். சாதியை எந்தத் தேர்வெழுதி மாற்றுவது? நாட்டெல்லையைத் தாண்டிச் சென்னையில் மருத்துவம் படித்து எல்.எம்.எஸ். ஆனார். பட்டத்தோடு வந்தவருக்கும் திருவிதாங்கூர் அரசு வேலை தரவில்லை. மைசூர் தந்தது. பெங்களூரைப் பிளேக் வாட்டியபோது அங்கே நோயாளிகளுக்கிடையில் நின்று பணியாற்றினார்.

தமக்கு வழி பிறந்ததென்று அவர் ஓயவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பள்ளியும் அரசுப் பணியும் தம் மக்களுக்குத் திறக்கவேண்டுமென்று 1896-இல் 13,176 பேரின் கையொப்பத்தோடு மகாராஜாவுக்கு விண்ணப்பம் கொடுத்தார். பலன் உடனே கிட்டவில்லை. நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்தில் நாராயண குரு 1888-இல் சிவனைப் பிரதிஷ்டை செய்திருந்தார். அக்கோயிலை நடத்திய சங்கமே 1903-இல் எஸ்.என்.டி.பி. யோகமாக விரிந்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர்களில் பல்புவும் ஒருவர். 1950-இல் காலமானார்.