வாயில்லா உயிர்களுக்காக வாதாடிய அம்மையார்

திருவான்மியூரில் உள்ள கலாக்ஷேத்திரத்தை அறியாதார் நம்மில் இலர். அதனை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரைப் பரதக் கலையின் வாயிலாகவே உலகம் பெரிதும் போற்றுகிறது. ஆயின், கொல்லாமையைக் குலதர்மமாகக் கொண்ட நமக்கு அவர்தம் வாழ்வின் மற்றொரு பகுதி இன்னும் நெருக்கமானது. அதனை நம் இளைய தலைமுறையினர்க்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

அம்மையார் 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொறியாளர்; பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். பணி ஓய்வுக்குப்பின் குடும்பம் அடையாற்றில் குடியேறியது. 1920இல் ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது எழுந்த ஊர்ப்பழியை அம்மையார் பொறுமையுடன் தாங்கினார். 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. வாழ்நாள் முழுதும் புலால் மறுத்து வாழ்ந்தார்.

1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அப்பதவியை அணிகலனாகக் கருதாது, பேச இயலாத உயிர்களின் குரலாக அவையில் நின்றார். 1953இல் விலங்கு வதையைத் தடுக்கும் தனிநபர் மசோதாவைக் கொணர்ந்தார். அரசே இதனை ஆராய்ந்து சட்டம் இயற்றும் எனப் பிரதமர் நேரு உறுதியளித்ததன் பேரில் அதனைத் திரும்பப் பெற்றார். குழு அமைந்தது, ஆண்டுகள் கடந்தன, 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தில் குறைகள் உண்டு. ஆய்வுக்கூடச் சோதனைகளுக்கு இடமளித்தது. சமயச் சடங்கின் பெயரால் நிகழும் கொலையை விலக்கி வைத்தது. முதற்குற்றத்திற்கு விதித்த அபராதமோ ஐம்பது ரூபாயைத் தாண்டவில்லை. முழுமையானது கிட்டவில்லையே என அம்மையார் ஒதுங்கிவிடவில்லை. அச்சட்டத்தின் வழி 1962இல் தோன்றிய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராகி, 1986 பிப்ரவரி 24இல் மறையும்வரை அதனை நடத்தினார். 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு மொரார்ஜி தேசாய் அழைத்தபோதும் ஏற்கவில்லை. அயல்நாட்டுச் சோதனைக் கூடங்களுக்குக் குரங்குகளை ஏற்றுமதி செய்வது 1978இல் நிறுத்தப்பட்டதை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

இங்கு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. முதுமையுற்ற, பயனற்றவை எனக் கைவிடப்பட்ட விலங்குகளுக்குப் புகலிடம் அமைக்கப் பொருளுதவி செய்வதையும் அச்சட்டம் வாரியத்தின் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. மீட்பது ஒருநாட் செயல். காப்பது பல்லாண்டுச் செயல் என்னும் உண்மை அதனுள் அடங்கியுள்ளது. கசாப்புக்குச் செல்லும் மாட்டை விலைகொடுத்து மீட்டு, அதற்குத் தொழுவமும் தீவனமும் வகுக்காது விட்டால், அபயதானம் பாதியில் நின்றுவிடும். ஓரிடத்தில் அளவுக்கு மீறி உயிர்களை அடைத்தால் நோய் ஒன்றிலிருந்து ஒன்றிற்குத் தாவும்; வலியவை எளியவற்றின் உணவைப் பறிக்கும்; காப்பகமே வதைகூடமாக மாறும். அந்நிலையில் அவற்றுள் சிலவற்றை விசாலமான வேறிடத்திற்கு மாற்றுவதே கருணையாகும்.

அதற்குத் தாம்பரத்தை அடுத்த வண்டலூரே சான்று. 1855இல் தோன்றிய சென்னை விலங்குக்காட்சிச் சாலை, நகர நடுவே இட நெருக்கடியில் தவித்தபின், 1985இல் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வண்டலூர் நிலத்தில் திறக்கப்பெற்றது. அங்கே அரசின் நிலமும் நிதியும் இருந்தன. தனியார் காப்பகங்களுக்கு அவ்விரண்டும் இல்லை. வண்டி வாடகை, வழித்துணையாக மருத்துவர், புதிய இடத்தில் வேலி, தண்ணீர், நாள்தோறும் தீவனம் ஆகிய அனைத்தும் அன்பர்தம் நன்கொடையாலேயே ஆக வேண்டும்.

ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என நால்வகைத் தானங்களை நம் முன்னோர் வகுத்தனர். ஒரு விலங்குக் காப்பகத்திற்கு ஈவோர் அவற்றுள் முதல் மூன்றையும் ஒருசேரச் செய்தோராவர். தாம்பரம் முதல் திருவான்மியூர் வரை வாழும் நம் குடும்பத்தினர், மகாவீரர் ஜயந்தியன்று மட்டும் பெருந்தொகை ஈந்து அமையாது, அட்டமி, சதுர்த்தசி நாள்தோறும் சிறுதொகை ஒதுக்கி அருகிலுள்ள காப்பகத்தின் தீவனச் செலவில் பங்குகொள்ளலாம். ஈவதற்கு முன் ஒருமுறை நேரில் சென்று, அங்கு எத்தனை உயிர்கள் உள, எத்தனைக்கு இடமுண்டு எனக் கேட்டறிதலும் நலம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோமாக.

கோயில் பூசையை ஒருநாளும் தவறவிடாத நாம், கட்டுத்தறியில் காத்திருக்கும் முதிய பசுவின் வேளையைத் தவறவிடலாமா? சட்டம் கொணரப் போராடியதோடு நில்லாது, அதனைச் செயற்படுத்தவும் இருபத்துநான்கு ஆண்டுகள் உழைத்த அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே. இரக்கம் நிலைத்து நின்றாலன்றி அறமாகாது.